வலப்பக்கத்து ஜன்னல்

காய்ச்சல் விட்ட காலையில் நிலக்ஷனா கண்ணைத் திறந்தபோது ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. எதிர்க் கட்டிடத்துத் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது. சத்தம் மட்டும் இல்லை. கனவு இன்னும் முடியவில்லை என்று நினைத்து அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பத் திறந்தபோதும் மழை அப்படியே ஓசையில்லாமல் பெய்தது. கட்டிலோரத்தில் அவள் கணவன் றுஷாந்தன் குனிந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வாய் திறந்து மூடுவது தண்ணீருக்குள் மீன் வாய் அசைப்பதுபோல் இருந்தது.

மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காதுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. காதில் மாட்டும் கருவி உதவாது என்று டாக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். நிலக்ஷனா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, நன்றி சொன்னாள். தன் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹாலிஎலயிலிருந்து மேலே ஏறும் தோட்டத்து வீதியில், ஒரு காலத்தில் கிளாக்கருக்குக் கட்டிய வீட்டில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். முன்னறையில் அவளுடைய மேசை. பின்னால் சமையலறை. அதற்கும் பின்னால் தேயிலை நட்ட மேடு, மேட்டில் ஒரு கொய்யா மரம். கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை போய்விடுமோ என்றுதான் முதலில் பயந்தாள். ஆனால் அவளுடைய குழுவுக்குப் பொறுப்பாக இருந்த ஜௌபர், இனிமேல் எல்லாக் கூட்டமும் எழுத்தில்தான் என்று ஒரே நாளில் முடிவுகட்டிவிட்டான். வேலை அவள் கையில் நின்றது. போனது றுஷாந்தனின் பேச்சுத்தான்.

றுஷாந்தன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளைப் பதுளையில் இறக்கிவிட்டு வந்தால், பள்ளிக்கூடம் விடும்வரை வீட்டில் இருப்பான். சமையல் அவனுடையது. வெங்காயம் உரிக்கும்போதும் பேசுவான், தேங்காய் துருவும்போதும் பேசுவான். எந்த வளைவில் எந்த லொறி மடக்க முடியாமல் நின்றது, பின்சீட்டுப் பிள்ளை டீச்சரைப்பற்றி என்ன சொன்னது, கோயிலில் ஃபாதர் எந்த இடத்தில் பிரசங்கத்தை மறந்து தடுமாறினார் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போவான். கல்யாணத்துக்கு முன்பு அவள் கொழும்பில் போர்டிங்கில் இருந்த காலமெல்லாம் அவன் போனில் பேசிப் பேசித்தான் அவளைத் தூங்க வைத்தான். முகத்தைவிட அந்தக் குரலைத்தான் அவளுக்கு முதலில் பிடித்திருந்தது.

அந்த மனிதனுக்குப் பேனாவைக் கையில் கொடுத்தால் ஒரு சொல் வராது. காது போன பிறகு வட்ஸ்அப்பில் அவன் அனுப்பியதெல்லாம் இரண்டு சொல்லுக்கு மேல் நீளவில்லை. சோறு ரெடி. போறேன் இப்ப. மழை வருது. அவள் முன்னறையில் இருந்துகொண்டு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அவன் வாயை மூடிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பான். அதைப் பார்க்கிறபோதுதான் தனக்குக் காது கேட்காது என்பது அவளுக்கு உறைத்தது.

ஒரு நாள் அவள் தன்னுடைய பழைய போனை எடுத்து, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் ஆப் ஒன்றை அதில் போட்டாள். அந்த எழுத்து அப்படியே தன் லெப்டொப்புக்கு வந்து சேர்கிற மாதிரி ஒரு சின்னப் புரோகிராமும் எழுதினாள். போனைச் சமையலறையில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, இனி முன்னைப்போலப் பேசுங்கள் என்று அவனிடம் சொன்னாள். அவன் வெட்கப்பட்டான். பிறகு எதையோ சொன்னான். அவள் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள்.

அவள் புரோகிராம் எழுதும் எடிட்டர் திரையில் பாதியாகக் குறுக்கே வெட்டுப்பட்டிருந்தது. மேலே அவளுடைய புரோகிராம் நசுங்கிக் கிடந்தது. கீழே, வெள்ளைப் பரப்பில் ஒரேயொரு வரி: வெங்காயம் முடிந்துவிட்டது.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஆனால் அந்த ஏற்பாடு ஒரு வாரத்துக்குப் படாத பாடு படுத்தியது. அவன் வாய் திறக்கும்போதெல்லாம் எடிட்டர் தன் இஷ்டத்துக்குப் பிளந்துகொண்டது. ஒரு சமயம் குறுக்கே வெட்டும், ஒரு சமயம் அவள் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தையே விழுங்கிவிட்டு அதன்மேல் அவன் பேச்சை விரிக்கும். கர்சரும் அவளைக் கேளாமல் அங்கே தாவிவிடும். அவள் வேகமாகத் தட்டிக்கொண்டு போகிற புரோகிராமின் பாதி அவன் பேச்சுக்குள் போய் விழும், அவன் பேச்சு புரோகிராமுக்குள் வந்து ஒட்டும். ஜௌபருக்கு அனுப்பிய வேலைக்குள் அந்தப் பேச்சில் ஒரு வரி அப்படியே சேர்ந்து போய்விட்டது. இந்த இடத்தில் வெங்காயம் என்ன வேலை செய்கிறது என்று அவன் மரியாதையாகக் கேட்டு எழுதியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, அவள் எடிட்டரின் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எடிட்டரில் திரையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஜன்னல் என்றுதான் பெயர். புதிதாக எதையாவது காட்டவேண்டி வந்தால் அது தனக்குள் கேட்டுக்கொள்ளும். இருக்கிற ஜன்னல் போதிய உயரமா? அப்படியென்றால் குறுக்கே வெட்டிக் கீழ்ப் பாதியைக் கொடுக்கும். போதிய அகலமா? அப்படியென்றால் நெடுக வெட்டி வலப் பாதியைக் கொடுக்கும். அவளுடையதுபோன்ற சின்னத் திரையில் உயரமும் இல்லை, அகலமும் இல்லை. அதனால்தான் அது தடுமாறி, கிடைத்த இடத்தில் கைவைத்தது.

பாவம், அதற்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். குறுக்கே எப்போதும் வெட்டாதே. அவன் பேச்சு வந்தால் வலப்பக்கத்தில் மட்டும் பிள, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே. அந்த ஜன்னலில் வேறு எதையும் காட்டாதே. கர்சர் என்னிடமே இருக்கட்டும். கடைசியாக அந்த ஜன்னலுக்கு மட்டும் விடிகாலைப் பனியின் சாம்பல் நீலத்தைப் பூசினாள்.

திங்கட்கிழமை அவன் அடுப்புக்கு முன்னால் நின்று பேச ஆரம்பித்தான். திரையின் வலது ஓரம் மெதுவாகத் திறந்தது. ஒல்லியான ஓடைபோல அவன் பேச்சு மேலிருந்து கீழே வடிந்தது. அவளுடைய வேலை இடப்பக்கம் ஒதுங்கி, கலையாமல் நின்றது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் கனவில் நடப்பதுபோலப் போயின. போனுக்குத் தோட்டத்துத் தமிழ் சரியாகப் பிடிபடவில்லை. நேரத்தோடு வந்ததை வெள்ளன வந்துட்டேன் என்று அவன் சொன்னால், வெள்ளம் வந்துவிட்டேன் என்று எழுதும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் ஆட்களைப் பார்த்தேன் என்றால், புரட்டுக்குப் போகும் ஆட்கள் ஆகிவிடும். அவன் பேசாத நேரத்திலும் அது சும்மா இருப்பதில்லை. கூரையில் மழை விழுந்தால் சரி சரி சரி சரி என்று எழுதிக்கொண்டே போகும். கீழே பதுளை ரயில் போகும்போது, போகப் போகப் போக என்று எழுதும். கேத்தல் கொதித்தால், இசை என்று எழுதும். உலகத்தின் சத்தங்கள் எல்லாம் வேஷம் மாற்றிக்கொண்டு அந்தச் சாம்பல் நீல ஜன்னலுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தன. நிலக்ஷனா கைகள் பாட்டுக்கு வேலைசெய்ய, ஓரக்கண்ணால் அதை வாசித்துச் சிரிப்பாள். வாய்விட்டுப் பதிலும் சொல்லுவாள். பக்கத்தில் யாரோ நின்று காதோரம் பேசுவதுபோலவே அவளுக்கு இருந்தது.

ஒன்றை மட்டும் அவள் கவனிக்கவில்லை. அவளுக்குத் திரும்பிப் பார்க்கவேண்டிய தேவை இல்லாமல் போயிருந்தது. பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் நெஞ்சு பதறுகிறது என்பதால், வேலை நேரத்தில் தன்னைத் தொடவேண்டாம் என்றும் அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். அவன் தலையாட்டினான். உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு போனைப் பார்த்துப் பேசினான். எதிரில் தெரிந்தது அவளுடைய முதுகு.

ஐப்பசி மழை பிடித்தது. அந்த வருஷம் அது நின்று நின்று பெய்யவில்லை, விடாமல் பெய்தது. ஜன்னல் முழுக்கச் சரி சரி என்று நிரம்பி, அவன் பேச்சைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. வேலையும் கழுத்தை நெரித்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாகவேண்டிய ஒன்றை ஜௌபர் கொடுத்திருந்தான். ஓரத்தில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்ததில் அவளுக்கு மனம் நிற்கவில்லை. திங்கட்கிழமை காலை அவள் எடிட்டருக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாள். சாயந்தரம்வரை எது வந்தாலும் பிளக்காதே.

ஒரு வரிதான். அதைப் போட்டதும் திரை ஒரே ஜன்னலாக விரிந்து அமைதியாயிற்று. சாயந்தரமானால் வந்ததையெல்லாம் வாசிக்கலாம் என்று எண்ணிக்கொண்டாள். சாயந்தரமாகும்போது களைத்துப்போனாள். அவனிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தாள், அதுவும் வேலைக்குள் அமிழ்ந்துபோயிற்று.

வியாழக்கிழமை பின்னேரம், இன்னும் வெளிச்சம் இருந்த நேரம். பள்ளிக்கூடங்களுக்கு மழை லீவு விட்டிருந்ததால் றுஷாந்தன் வீட்டில் இருந்தான். நிலக்ஷனா ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருந்தாள். திடீரென்று யாரோ அவள் கையைப் பற்றி இழுத்தார்கள். நாற்காலி சரிந்தது. அலறினாள் என்பது தொண்டை அதிர்ந்ததில்தான் தெரிந்தது. றுஷாந்தனின் முகம் அவள் முகத்துக்கு முன்னால் இருந்தது, வாய் அகலத் திறந்து மூடியது. செருப்பில்லாமல், வாசல் படியில் வழுக்கி, மழைக்குள் இழுபட்டுப் போனாள். வீதியின் மறுபக்கம் போய்த்தான் அவன் நின்றான். அவள் திரும்பிப் பார்த்தாள்.

கொய்யா மரம் நடந்து வந்துகொண்டிருந்தது.

சாயவில்லை, முறியவில்லை. காய்களோடும் இலைகளோடும் நிமிர்ந்து நின்றபடியே மேட்டிலிருந்து இறங்கி வந்தது. அதற்குப் பின்னால் தேயிலைச் செடிகளும் வரிசை குலையாமல் வந்தன. எல்லாம் மெதுவாக, அவசரமில்லாமல், வீட்டுக்கு வரும் விருந்தாளிகளைப்போல் வந்தன. சமையலறைச் சுவர் மடிந்து உட்கார்ந்தது. கூரைத் தகரம் ஒன்று எழும்பி மறுபடி படுத்தது. மரம், சமையலறை இருந்த இடத்தில் வந்து நின்று, ஒரு தரம் தலையசைத்துவிட்டு அசையாமல் ஆயிற்று. இவ்வளவும் ஒரு துளி சத்தமில்லாமல் நடந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. பக்கத்தில் றுஷாந்தன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் அது வந்தது.

அன்று பொழுது சாயும் முன்னரே வேனில் பதுளைக்கு, அவன் தாய் பவுலினாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மேலே தோட்டத் தொழிலாளர் லயங்களில் இருந்தவர்களையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், யாருக்கும் ஒன்றும் இல்லை என்று செய்தி வந்தது. முன்பு மண்சரிவில் புதைந்துபோன மீரியபெத்தையை நினைத்துப் பவுலினா சிலுவை போட்டுக்கொண்டாள். நிலக்ஷனாவுக்குத் தன் உடுப்பைக் கொடுத்து, தலையைத் துவட்டிவிட்டாள். லெப்டொப், போன், எல்லாம் அந்த வீட்டிலேயே கிடந்தன.

மறுநாள் காலை றுஷாந்தன் அவளுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். நிதானமாக ஒரு கேள்வி கேட்டான். அவளுக்குப் பிடிபடவில்லை. இன்னொரு முறை கேட்டான். மூன்றாவது தடவை, தன் வாயைத் தொட்டு, தங்கள் வீடு இருந்த திசையைக் கைகாட்டிக் கேட்டபோது விளங்கியது.

"நான் கத்துனது வரலியா?"

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மண்ணோடு கலங்கிய தண்ணீர் சுவரடியில் பீறிட்டபோது அவன் முதலில் அவளிடம் ஓடி வரவில்லை. பழக்கத்தில் போனைப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறான். கத்திவிட்டு, அவள் எழும்புவாள் என்று அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். நின்ற நேரம் அதிகமில்லை. ஆனால் நின்றிருக்கிறான்.

"வரல. நான்தான் மூடி வச்சிருந்தேன்" என்றாள்.

"எப்பருந்து?"

"திங்கக்கிழமையிலருந்து. வேல கூடிப்போச்சுங்க. சொல்லணும்னு இருந்தேன், சொல்லல."

அவன் ஏதோ ஒரு நீண்ட வாக்கியத்தைச் சொன்னான். அவன் உதடுகளைத் தொடரமுடியாமல் அவள் தொலைந்துபோனாள். அவன் விடவில்லை. காற்றில் மேட்டை வரைந்து காட்டினான், அதில் விரலால் ஒரு வெடிப்பைக் கீறினான். பிறகு தரையைக் காட்டினான், இந்த வீடு. இரண்டு விரல்களை நடக்கவிட்டான், இங்கே வருவோமா. பிறகு அவளைக் காட்டி, புருவத்தைச் சுருக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு, இடமும் வலமுமாக மெல்லத் தலையை ஆட்டினான்.

அந்த முகத்தை நிலக்ஷனாவுக்குத் தெரியும். அது அவளுடைய முகம்தான். புரோகிராமில் பிழை எங்கே என்று தெரியாதபோது அவள் அப்படித்தான் தலையாட்டுவாள்.

செவ்வாய்க்கிழமை அவன் மேட்டில் வெடிப்பைப் பார்த்திருக்கிறான். அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவோமா என்று அவளைக் கேட்டிருக்கிறான். அவள் வேண்டாம் என்று தலையாட்டியிருக்கிறாள். மாமியார் வீட்டுக்கு வர அவளுக்கு விருப்பமில்லை, அதனால்தான் முகத்தைக்கூடத் திருப்பவில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவளை வற்புறுத்த அவனுக்கு மனம் வரவில்லை. அவளுக்குத் தன்மேல் கோபம் என்று அந்த நாட்கள் முழுக்க நினைத்துக்கொண்டே சமைத்திருக்கிறான்.

"அது உங்களுக்கு ஆட்டுனது இல்லங்க. அது கோட்ல பிழை" என்றாள். அவள் குரல் உடைந்தது அவளுக்குக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது.

அவன் அவளையே பார்த்தான். பிறகு தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளால் பிரிக்க முடியவில்லை, அவனாலும் முடிந்திருக்காது. அவள் ஸ்டூலை இழுத்து முழங்கால் முட்ட உட்கார்ந்து, திங்கட்கிழமையிலிருந்து சொன்னது எல்லாவற்றையும் மறுபடி சொல்லும்படி கேட்டாள். ஒன்றும் விடக்கூடாது என்றாள்.

அந்தக் காலை முழுவதும் அதற்கே போயிற்று. பேச்சில் அரை நிமிஷம் எடுத்த கதைக்குக் கையாலும் முகத்தாலும் கால் மணித்தியாலம் எடுத்தது. பாதி விளங்கியது, பாதியை அவள் ஊகித்துக்கொண்டாள். பவுலினா தேத்தண்ணீரோடு வந்து, வாசலில் நின்று பார்த்துவிட்டு, கோப்பைகளை வைத்துவிட்டுப் போனாள். வெளியே பதுளையின் மேல் முகில் இறங்கி, வீடுகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வந்தது. நிலக்ஷனா அவன் முகத்தையே பார்த்திருந்தாள். மீசையில் வெள்ளை விழுந்திருந்தது. பிள்ளைகளைப்பற்றிச் சொல்லும்போது இடது புருவம் மட்டும் ஏறியது. கேலி செய்யப்போகிறான் என்றால் அதற்கு முன்னால் மூக்கு விடைக்கும். இந்தக் குரலுக்கு இப்படி ஒரு முகம் இருந்தது என்பதையே தான் மறந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அவன் உதடுகளைப் பார்க்கப் பார்க்க, எங்கோ ஆழத்திலிருந்து அந்தக் குரலே கேட்பதுபோலவும் இருந்தது. கேட்கவில்லை என்று தெரிந்தும் அவள் அதைத் தடுக்கவில்லை.

அந்த வீட்டில் இனி இருக்கமுடியாது என்று வந்து பார்த்த அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மழை ஓய்ந்த பிறகு கிராம சேவகரிடம் கேட்டுக்கொண்டு றுஷாந்தன் போய், முன்னறையில் மிஞ்சியிருந்த சாமான்களை எடுத்து வந்தான். லெப்டொப்பின் மூடியில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. தட்டினால் உயிர் வந்தது. ஜௌபர் வேலையைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நலமா என்று மட்டும் எழுதியிருந்தான்.

மேசையை எங்கே போடுவது என்று பவுலினா கேட்டபோது, சுவரைப் பார்த்தல்ல, சமையலறைக் கதவைப் பார்த்துப் போடச்சொன்னாள் நிலக்ஷனா. மண்ணுக்குள் போன பழைய போனுக்குப் பதிலாகத் தன் போனை அங்கே சாய்த்து வைத்தாள். பிறகு உட்கார்ந்து எடிட்டருக்குப் பழையதை மறக்கச்செய்து புதிதாகச் சொல்லிக்கொடுத்தாள். அவன் பேச்சு வந்தால் வலப்பக்கத்தில் சரிபாதியைக் கொடு. எந்த நேரமும் மூடாதே. நிலா என்று பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் இருக்கிற ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, வெறும் பரப்பு ஒன்றைக் காட்டு. நான் ஒரு விசையை அமுக்கும்வரை ஒன்றையும் திருப்பித் தராதே.

இதில் ஒரு தொந்தரவு இருந்தது. பவுலினாவும் அவளை நிலா என்றுதான் கூப்பிடுவாள். கறிவேப்பிலை கிள்ளி வரச்சொல்லக் கூப்பிடுவாள், வாசலில் மீன்காரன் வந்ததைச் சொல்லக் கூப்பிடுவாள், ஒன்றுமில்லாமலும் கூப்பிடுவாள். ஒவ்வொரு தரமும் திரை துடைத்துவிட்டதுபோல் வெளுத்துப்போகும். நிலக்ஷனா நிமிர்ந்து பார்ப்பாள். மாமியார் கையில் அகப்பையோடு சிரித்துக்கொண்டு நிற்பாள். வேலை கொஞ்சம் மெதுவாகிறதே என்று ஜௌபர் எழுதினான். ஆமாம், இனி இப்படித்தான் என்று அவள் பதில் எழுதினாள்.

ஒரு நாள் மத்தியானம், பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கியபோது திரை வெளுத்தது. அவள் நிமிர்ந்தாள். கதவடியில் றுஷாந்தன் வேன் சாவியோடு நின்றான்.

"என்னங்க?"

அவன் மூக்கு விடைத்தது. உதடுகளை நன்றாக விரித்து, அவளுக்குத் தெரியும்படி சொன்னான்.

"ஒன்னுமில்ல. பாக்குறியான்னு பாத்தேன்."

அவள் பார்த்தாள். அவன் சாவியை ஆட்டிக் காட்டிவிட்டு வெளியே போனான். சற்று நேரத்தில் வேன் உறுமிப் புறப்பட்டது சீமெந்துத் தரை வழியாக அவள் உள்ளங்கால்களுக்கு வந்தது. அது தேய்ந்து மறையும்வரை அவள் விசையை அமுக்கவில்லை.